முழங்கால் வலிக்கு இசை: ஆராய்ச்சியில் எதை நம்பலாம்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. மூட்டுத் தேய்மானத்தால் நான்கு வருடமாக முழங்கால் வலி. மாத்திரை, உடற்பயிற்சி எல்லாம் நடக்கிறது. இசை கேட்டால் வலி குறையும் என்று ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டதாக ஒரு காணொளியில் பார்த்தேன். அதுவும் 432 ஹெர்ட்ஸ் இசைதான் வேலை செய்யுமாம். எது உண்மை என்று நானே தேடிப் பார்ப்பது எப்படி? மாத்திரையைக் குறைக்க முடியுமா?

பதில்: 432 ஹெர்ட்ஸ் கதையை முதலில் முடித்துவிடுவோம். இசைக்கருவிகளைச் சுருதி சேர்க்க உலக அளவில் புழக்கத்தில் இருக்கும் அளவு 440 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 440 அதிர்வு. அதைக் கொஞ்சம் இறக்கினால் 432. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் பலருக்கு வித்தியாசமே தெரியும். இறக்கிய சுருதிக்கு மட்டும் நாள்பட்ட வலியைப் போக்கும் தனிச் சக்தி இருப்பதாக நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

மற்றபடி, இசை வலியைக் குறைக்கும் என்பது பொய்யில்லை. எவ்வளவு குறைக்கும், யாருக்குக் குறைக்கும் என்ற இடத்தில்தான் காணொளிகள் கோட்டை விடுகின்றன. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் இசை, நாள்பட்ட வலி ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களோடு 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரே கேள்வியைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட கட்டுரைகள் வரும். சுருக்கத்தைப் படித்தாலே பெரும்பாலும் போதும்.

படிக்கும்போது, அது யாருடைய வலி என்று முதலில் பாருங்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2006இல் 51 ஆய்வுகளைத் தொகுத்தது. இசை கேட்டவர்களுக்கு 0 முதல் 10 வரையிலான அளவில் வலி சராசரியாக அரை எண்தான் குறைந்தது. அதாவது 7 என்றிருந்த வலி 6.5 ஆகிறது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சை போன்ற திடீர் வலிகளைப் பற்றியவை. 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, 73 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரையும் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலியைப் பற்றியதுதான். காணொளிக்காரர்கள் இதையெல்லாம் எடுத்து முழங்கால் வலிக்கு ஒட்டவைத்துவிடுவார்கள். தையல் ஆறினால் போகும் வலி வேறு, மூன்று மாதம் தாண்டியும் கூடவே இருக்கும் வலி வேறு.

அடுத்தது, எதோடு ஒப்பிட்டார்கள் என்பது. எனக்கு இதுதான் முக்கியம். மாத்திரையைச் சோதிக்க அதே நிறத்தில் போலி மாத்திரை கொடுக்கலாம். போலி இசை என்று எதைக் கொடுப்பது? கேட்பவருக்குத் தான் இசை கேட்கிறோம் என்று தெரியும். 'குறையும்' என்ற நம்பிக்கையும் கூடவே வேலை செய்யும். அதனால் ஒரு குழுவுக்கு இசையும் இன்னொரு குழுவுக்கு ஒன்றுமே இல்லாமலும் நடந்த ஆய்வைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள். 2003இல் மூட்டுத் தேய்மானம் உள்ள 66 முதியவர்களிடம் நடந்த ஆய்வு பரவாயில்லை. ஒரு குழு தினமும் 20 நிமிடம் இசை கேட்டது, மற்றது அதே 20 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தது. 14 நாளில் இசைக் குழுவுக்கு வலி அதிகம் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் உங்கள் அம்மாவின் நிலைக்கு நெருக்கமானது.

அப்புறம், பாட்டைத் தேர்ந்தெடுத்தது யார்? நாள்பட்ட வலி பற்றிய 14 ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தபோது, ஆய்வாளர் கொடுத்த இசையைவிட நோயாளியே தேர்ந்தெடுத்த இசைக்குப் பலன் கூடுதலாக இருந்தது. ஆகவே 'இந்த வலிக்கு இந்த இசை' என்ற பட்டியல்களை ஒதுக்கிவிட்டு அம்மாவையே கேளுங்கள். அவருக்குப் பிடித்தது துள்ளல் பாட்டு என்றால் அதுவே இருக்கட்டும். நீங்கள் மென்மையான புல்லாங்குழலைத் திணிக்க வேண்டாம்.

இசை தேய்ந்த மூட்டைத் தொடுவதில்லை. வலிக்கு 'எவ்வளவு வலிக்கிறது', 'எவ்வளவு தொல்லையாக இருக்கிறது' என்று இரண்டு பக்கம் உண்டு. மூளை இரண்டையும் ஓரளவு தனித்தனியாகவே கையாள்கிறது. 1997இல் கனடாவின் மான்ட்ரியலில் நடந்த ஒரு பரிசோதனையில், ஹிப்னாடிசத்தால் தொல்லை உணர்வை மட்டும் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. பிடித்த இசையில் சிலிர்க்கும் தருணத்தில் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை அதே நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தினர் 2011இல் ஸ்கேனில் காட்டினார்கள். அதனால் இசையின் உதவியைத் தொல்லைப் பக்கத்தில் அதிகம் எதிர்பாருங்கள். "வலி இருக்கு, ஆனா அவ்வளவு படுத்தலை" என்று அம்மா சொன்னால் அதுவும் பலன்தான்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வலி அதிகமாகும் நேரம், மாலை என்று வைத்துக்கொள்வோம், அதற்குச் சற்று முன்பு 20 நிமிடம் ஒதுக்குங்கள். காலையில் ஒரு காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் அன்று இசை, பூ விழுந்தால் அதே நாற்காலியில் அமைதியாக உட்காருவது. இரண்டு வகை நாளிலும் உட்காரும் முன்பும் பின்பும் வலிக்கு ஓர் எண், தொல்லைக்கு ஓர் எண், 0 முதல் 10 வரை. அன்று எவ்வளவு நடந்தார், எப்படித் தூங்கினார் என்று ஒரு வரி. முந்தைய நாள் எழுதியதை அவரிடம் காட்டாதீர்கள். அதைப் பார்த்து எண்ணைச் சரிசெய்யத் தோன்றும். நான்கு வாரம் கழித்து, எண் எவ்வளவு இறங்கியது என்பதை இசை நாட்களுக்கும் அமைதி நாட்களுக்கும் தனித்தனியாகக் கூட்டிச் சராசரி பாருங்கள். வித்தியாசமே இல்லை என்றால் இசை அவருக்கு வலி மருந்து இல்லை. பிடித்தால் சும்மா கேட்கட்டும்.

ஹெட்போன் என்றால் சத்தம் மிதமாக இருக்கட்டும். உடற்பயிற்சியின்போதும் பாட்டு ஓடலாம். பயிற்சி தவறாமல் நடந்தால் அந்த லாபம் முழங்காலுக்கே போகும்.

மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். எண்கள் உண்மையிலேயே இறங்கியிருந்தால் நோட்டை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். மூட்டு திடீரென்று சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காலை ஊன்றவே முடியாமல் போனாலோ, பரிசோதனையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.