மாமாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 26. ராயபுரத்தில் குடியிருக்கிறேன், தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். ஜெர்மன் மொழியில் பி2 தேர்வு முடித்து, அக்டோபர் தொடக்கத்தில் லைப்சிக் நகர மருத்துவமனையில் வேலைக்குச் சேரப் போகிறேன். விசா கைக்கு வந்த நாளிலிருந்து நெஞ்சு படபடக்கிறது. விடியற்காலை 4 மணிக்கே விழிப்பு வருகிறது. வயிறு கலங்குகிறது, முடி கொட்டுகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. இணையத்தில் தேடினால் இதய வால்வு நோயாக இருக்கலாம் என்கிறார்கள். மூன்று வாரமாக இரவில் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை 0.25 மி.கி. அளவில், யாரிடமும் சீட்டு வாங்காமல் நானாகவே போட்டுக்கொள்கிறேன். அம்மாவையும் ஆயாவையும் தம்பியையும் விட்டுப் போவதை நினைத்தாலே அழுகை வருகிறது. என் தாய்மாமன் துபாய்க்கு வேலைக்குப் போய் எட்டு மாதத்தில் திரும்பி வந்தார். நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசியில் போனையே எடுக்கவில்லை. வந்த பிறகு யாரோ பேசுவது கேட்கிறது என்றார். கீழ்ப்பாக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நான் அங்கே தாங்குவேனா?

பதில்:

உங்கள் மாமாவுக்கு வந்தது ஊர் நினைப்பு முற்றியதால் வந்த நோய் இல்லை. இதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது மனச்சிதைவு போன்ற நோய்களின் அடையாளம்; வீட்டை நினைத்து அழுகிறவர்களுக்கு அது படிப்படியாக வந்து சேர்வதில்லை. உபாதைகளையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு அவரைக் கடைசியில்தான் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்த கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு, அதற்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

அவருடைய நோய்க்கு மருத்துவர்கள் என்ன பெயர் குறித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மனச்சிதைவு என்றே வைத்துக்கொள்வோம். வாழ்நாளில் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு அந்நோய் வருகிறது. தாய்மாமனுக்கோ அத்தைக்கோ இருந்தால் அந்த வாய்ப்பு நூறில் மூன்று, நான்கு என்ற அளவுக்குக் கூடுகிறது. அப்படியும் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அது வருவதே இல்லை. அயல்நாடு சென்று குடியேறியவர்களிடம் இத்தகைய நோய்கள் சற்று அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுவதையும் நீங்கள் இணையத்தில் படித்திருக்கக்கூடும், அதுவும் உண்மைதான். ஆனால் ஆய்வாளர்கள் அதற்குக் காரணமாகச் சுட்டுவது நீண்ட தனிமையையும், பாகுபாட்டையும், துணைக்கு ஆளில்லாத நிலையையும்தான். அம்மாவை நினைத்துக் கண்ணீர் விடுவதை யாரும் அந்தக் காரணங்களோடு சேர்த்துச் சொல்லவில்லை.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் நிறுவனம். நம் பகுதியில் அந்த ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக ஆக்கி வைத்திருக்கிறோம். அதன் விளைவாக, ஒரு வீட்டில் ஒருவர் அங்கே சிகிச்சை பெற்றுவிட்டால், அவருடைய அக்காள் மகள் விமானம் ஏறும் நாள்வரை அந்த அச்சத்தை யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாமல் தனியாகச் சுமக்கிறாள். எனக்கு வருத்தமளிப்பது இதுதான். நீங்கள் கேட்டது நல்லது.

இனி உடல் உபாதைகள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றோ, மயங்கி விழுந்தேன் என்றோ நீங்கள் எழுதவில்லை. 26 வயதில், விசா வந்த நாளில் தொடங்கிய படபடப்பை வைத்துக்கொண்டு வால்வு நோயைத் தேடிப் போக வேண்டாம். பதற்றத்தில் அட்ரினலின் கூடுகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, குடல் கலங்குகிறது. தெரியாமலே மூச்சை வேகமாக இழுப்பதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனிகள் மரக்கின்றன. மன உளைச்சலில் கொட்டும் முடி சில மாதங்களில் திரும்ப வளர்ந்துவிடும். வீட்டருகே உள்ள மருத்துவமனை ஒன்றில் ஒரு முறை இசிஜியும், ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனைகளும் செய்துகொள்ளுங்கள். இரத்தசோகையும் தைராய்டு மிகையும் படபடப்பை உண்டாக்கும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். அவை சரியாக இருந்தால் அந்தத் தேடலை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

அல்பிரசோலம் பற்றி எழுதும்போது எனக்குப் பொறுமை குறைகிறது. மருந்தின் பெயரும் அளவும் பழக்கமாகும் தன்மையும் தெரிந்த ஒரு செவிலியரே, மருத்துவர் சீட்டு இல்லாமல் மூன்று வாரம் அதை விழுங்கியிருக்கிறீர்கள். உங்கள் நோயாளி ஒருவர் இப்படிச் செய்திருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? அது சீக்கிரம் இறங்கிவிடும் மருந்து. இரவில் தூங்க வைத்துவிட்டு, அதன் வேகம் குறையும் விடியற்காலையில் பதற்றத்தைக் கூடுதலாகத் திருப்பிக் கொடுக்கவும் வல்லது. உங்கள் 4 மணி விழிப்பில் அதற்கும் பங்கு இருக்கக்கூடும். நாள்தோறும் எடுத்துப் பழகிய இத்தகைய மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் பன்மடங்காகும். அதிக அளவில் எடுத்தவர்களுக்கு வலிப்புகூட வரலாம். ஆகவே நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் புறப்படுவதற்கு முன்பே படிப்படியாகக் குறைத்து விட்டுவிடுங்கள். பெட்டியில் இரண்டு அட்டை எடுத்துப் போகலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

வீட்டு ஏக்கத்தையே ஒரு நோயாக மருத்துவ உலகம் கருதிய காலம் உண்டு. 1688இல் பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் அதைப் பற்றி ஆய்வேடே எழுதினார். ஊரை விட்டு வந்தவர்கள் அதனால் மெலிந்து இறந்தும் போவார்கள் என்று பிற்கால மருத்துவர்களும் நெடுநாள் நம்பினார்கள். இன்று மருத்துவம் அதைத் தனி நோயாகக் கருதுவதில்லை. நம் வட சென்னையிலேயே பாருங்கள்: 1962க்குப் பிறகு பர்மாவில் கடைகளையும் தொழில்களையும் இழந்து திரும்பிய தமிழர்கள் வியாசர்பாடியிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியேறினார்கள். ரங்கூனை அவர்கள் வாழ்நாள் முழுவதும் நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த நினைப்போடுதான் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடை போட்டார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஏக்கம் போன பிறகுதான் வாழத் தொடங்க வேண்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நீங்களும் காத்திருக்க வேண்டியதில்லை.

அழுகையைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டாம் என்றால், எதைக் கண்டு எச்சரிக்கை கொள்வது? வீட்டு ஏக்கம் வரும், போகும். ஆயா வைக்கும் மீன்குழம்பு நினைவுக்கு வந்து கண் கலங்கும். அரை மணி நேரம் கழித்து வார்டில் ஒரு நோயாளி சிரித்துப் பேசினால் நீங்களும் சிரிப்பீர்கள், பசிக்கும், இரவு தூக்கம் வரும். முதல் சில வாரங்களில் இது கடுமையாக இருக்கும். மாதங்கள் போகப் போகக் குறையும். பொங்கலன்றும், தெருவில் ஆடிக் கூழ் ஊற்றும் நாளிலும் மறுபடி தலைதூக்கும். இதில் எதுவும் நோய் இல்லை. ஆனால் அந்த ஏக்கமே நின்றுபோய், அதன் இடத்தில் எதுவும் இல்லாமல் போவது வேறு. அம்மாவின் அழைப்பு வருகிறது, எடுக்கத் தோன்றவில்லை. எடுத்தாலும் மகிழ்ச்சி இல்லை, அழுகையும் இல்லை. டியூட்டி இருக்கிறது என்று பொய் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். சாப்பாட்டில் ருசி இல்லை. விடுமுறை நாளில் அறையை விட்டு வெளியே வரவில்லை. நல்ல செய்தி வந்தாலும் மனம் அசையவில்லை. நாளின் பெரும்பகுதி இப்படியே இரண்டு வாரம் நீடித்தால் அது மனச்சோர்வு நோய். சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் அந்நோயை, நாளடைவில் சரியாகிவிடும் என்று தள்ளிப்போட்டுத்தான் பலர் முற்ற விடுகிறார்கள்.

உங்கள் மாமா போன் எடுக்காமல் போனதும் அவரைப் பிடித்த நோயின் குறிதான். அவருடைய நோய் வேறாக இருந்தாலும், வெளியே தெரிந்த முதல் அடையாளம் அந்த மௌனம். அன்று அதை யாரும் அடையாளம் கண்டிருக்க முடியாது. வேலை அதிகம் என்றுதான் எந்தக் குடும்பமும் நினைத்திருக்கும். உங்கள் குடும்பத்துக்கு இப்போது அது தெரியும். அதனால் உங்கள் தம்பியை உட்காரவைத்து, மேலே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். நான் அழுதால் பயப்படாதே, நான் பேசுவதை நிறுத்தினால் சும்மா இருக்காதே என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அம்மாவிடம் சொன்னால் அவர் ஒவ்வொரு தவறிய அழைப்புக்கும் இரவெல்லாம் விழித்திருப்பார். ஆகவே ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

அங்கே ஏக்கத்தைக் கூட்டக்கூடிய சில விஷயங்களை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஜெர்மன் மருத்துவமனைகளில் நோயாளியின் உறவினர்கள் இரவு தங்குவதில்லை. குளிப்பாட்டுவதும் உணவு ஊட்டுவதும் செவிலியரின் வேலை. உங்கள் படிப்புக்கு அங்கே முழு அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளர் நிலையில் வேலை செய்ய வேண்டியும் வரலாம். இங்கே ஊசி போட்டு, மருந்து ஏற்றி, வார்டை நடத்தியவருக்கு அது முதலில் உறுத்தும். அன்று மாலை அம்மாவின் நினைவு இருமடங்காக வரும். அப்போது வருத்துவது தூரமா, வேலையில் பட்ட காயமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். காயமானால், அங்கே முன்பே போன நம் ஊர்ச் செவிலியர் ஒருவரிடம் பேசுவது வீட்டுக்குப் பேசுவதைவிட ஆறுதல் தரும்.

இரண்டாவது, இருட்டு. டிசம்பரில் லைப்சிக்கில் பகல் ஏறத்தாழ 8 மணி நேரம்தான். மாலை 4 மணிக்கு இருட்டிவிடும். சென்னையில் அதே மாதத்தில் பகல் 11 மணி நேரத்துக்கு மேல். வெளிச்சக் குறைவு மனநிலையையும் தூக்கத்தையும் பாதிக்கும். காலைப் பணி முடிந்ததும் படுக்கப் போகாமல், வெளிச்சம் இருக்கும்போதே அரை மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள். வைட்டமின் டி குறைபாடு இருக்கிறதா என்பதை அங்குள்ள மருத்துவர் பரிசோதித்துச் சொல்வார். இங்கிருந்து 60,000 யூனிட் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு போய் நீங்களாகச் சாப்பிட வேண்டாம்.

முதல் மாதம் வீட்டுக்குப் பேசாமலிருந்தால் சீக்கிரம் பழகிவிடும் என்று இணையத்தில் சிலர் எழுதுகிறார்கள்; அதைப் பின்பற்றாதீர்கள். நாள் முழுவதும் வீடியோ அழைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ராயபுரத்து வீட்டிலேயே மனத்தை உட்காரவைப்பதும் சரியில்லை. நேரம் குறித்துப் பேசுங்கள். நீங்கள் போகும்போது நேர வித்தியாசம் மூன்றரை மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நாலரை மணி ஆகிவிடும். மாலைப் பணி முடித்து அங்கே இரவு 9 மணிக்கு அழைத்தால் இங்கே நள்ளிரவு ஒன்றரை. அதற்குப் பதிலாகப் பணிக்குப் போகும் முன் காலை 11 மணிக்குப் பேசினால், இங்கே பிற்பகல் மூன்றரை, ஆயாவும் விழித்திருப்பார்.

நான் சொன்ன அறிகுறி தெரிந்தால் செய்ய வேண்டியது இது. லைப்சிக் போன முதல் மாதத்திலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பதிந்துகொள்ளுங்கள். இரண்டு வாரம் கடந்தால் அவரிடம் போய் உள்ளபடி சொல்லுங்கள்; மாமாவின் நோயையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்குள்ள கட்டாய மருத்துவக் காப்பீடு மனநல சிகிச்சைக்கும் செல்லும். வேலை போய்விடும் என்று அஞ்ச வேண்டாம்: மருத்துவ விடுப்புக்காக வேலையளிப்பவருக்குப் போகும் சான்றில் நோயின் பெயர் இருக்காது. அவசரமில்லாத, ஆனால் காத்திருக்கவும் முடியாத இரவுகளில் 116117 என்ற எண்ணில் மருத்துவ உதவி கிடைக்கும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, குரல் கேட்டாலோ, இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அதே மணியில் 112ஐ அழையுங்கள். பேச ஒரு குரல் வேண்டுமென்றால் 0800 111 0 111 என்ற தொலைபேசி ஆலோசனை எண் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. உங்கள் பி2 ஜெர்மன் அதற்குப் போதும். இங்கே உங்கள் தம்பி பதறினால் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே வழி கேட்கலாம். சிகிச்சையின் ஒரு பகுதியாகச் சில வாரம் ஊருக்கு வரச் சொன்னால் வாருங்கள். ஆனால் மனம் சோர்ந்திருக்கும் வாரத்தில் வேலையை ராஜினாமா செய்யும் முடிவை மட்டும் எடுக்காதீர்கள்.

புறப்பட இன்னும் நாள் இருக்கிறது. நாளைக் காலையே அந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக்கு அருகிலேயே உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளர் பிரிவுக்குப் போய், எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, குறைக்கும் அட்டவணையை எழுதி வாங்குங்கள். தம்பியையும் கூட அழைத்துப் போங்கள்.