ஸ்கிரீனிங் படிவத்தில் ஐந்து டிக் விழுந்தால் புற்றுநோய் வந்துவிடுமா?

வாசகி ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 44. மார்பகப் புற்றுநோய் ஸ்கிரீனிங்குக்குப் போன இடத்தில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். வயதுக்கு வந்தது 11-ல், முதல் குழந்தை 33-ல், தாய்ப்பால் கொடுத்தது 6 மாதம், பெரியம்மாவுக்கு 62 வயதில் மார்பகப் புற்றுநோய் என்று நிரப்பியிருக்கிறார். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) நார்மல். ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில் ‘அடர்த்தியான மார்பகம்’ என்று ஒரு வரி. வெளியே வரும்போது கவுண்டரில் இருந்தவர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு அஞ்சு ரிஸ்க் இருக்கு மேடம், கேன்சர் மார்க்கர் டெஸ்ட், ஜீன் டெஸ்ட் ரெண்டும் சேர்ந்த பேக்கேஜ் எடுத்துடுங்க” என்றாராம். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. எனக்கு வந்துவிடுமா, அந்த டெஸ்ட்களை எடுக்கட்டுமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு அந்த பேக்கேஜ் வேண்டாம். ஐந்து டிக் விழுந்ததால் புற்றுநோய் வந்துவிடும் என்றும் கிடையாது.

அந்த டிக்குகள் ஒவ்வொன்றும் எவ்வளவு சின்னது என்பதை யாரும் சொல்வதில்லை, அதுதான் என் முதல் கோபம். தாய்ப்பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2002-ல் கணக்கிட்டார்கள். 12 மாதம் தாய்ப்பால் கொடுத்தால் ஆபத்து சுமார் 4 சதவீதம் குறைகிறது என்று வந்தது. நீங்கள் ஆறு மாதத்தோடு நிறுத்தியதால் இழந்தது ஏதோ இரண்டு சதவீதம். வயதுக்கு வந்த கணக்கும் அப்படித்தான், ஒரு வருடம் முந்தினால் சுமார் 5 சதவீதம் கூடும். எதில் 5 சதவீதம் என்பதுதான் முக்கியம். இந்த நோய் மிக அதிகமாக உள்ள நாடுகளில்கூட, 40 வயதுப் பெண்கள் 100 பேரை எடுத்தால் அடுத்த பத்து வருடத்தில் அது வருவது ஒருவருக்கோ இருவருக்கோதான். அந்த ஒன்று இரண்டில் ஐந்து சதவீதம் கூடினால் என்ன ஆகிவிடும்? ஆபத்து இரட்டிப்பாகிறது என்று யாராவது பயமுறுத்தினால், சரி, மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 97 பேருக்கு அந்தப் பத்து வருடத்தில் வரவில்லை.

முதல் குழந்தை 30-க்கு மேல் பிறந்தாலும் ஆபத்து கொஞ்சம் கூடும், உண்மைதான். பெரியம்மா விஷயமும் பெரிய கவலை இல்லை. அம்மா, அக்கா தங்கை, மகள் இவர்களில் ஒருவருக்கு இருந்தால்தான் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும். மாதவிடாய் நின்றபிறகு ஒரு பெரியம்மாவுக்கு மட்டும் வந்தது அந்த அளவுக்குக் கனமானது இல்லை.

ஆனால் குடும்பம் பற்றிய கேள்வியை இந்தப் படிவங்கள் கேட்கும் விதம் எனக்குப் பொறுக்கவில்லை. 1989-ல் அமெரிக்காவில் உருவாக்கி இன்னும் பல இடங்களில் புழங்கும் ‘கெயில்’ என்ற மார்பகப் புற்றுநோய் ஆபத்துக் கணக்கீடு அம்மா, உடன்பிறந்த சகோதரி, மகள் இவர்களை மட்டும்தான் எண்ணும். அப்பா வழியை அது பார்ப்பதே இல்லை! ஒரு பெண்ணின் மரபணுவில் பாதி அப்பாவிடமிருந்து வருகிறது. அத்தைக்கு 38 வயதில் மார்பகப் புற்றுநோய், அப்பாவின் அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று இருந்தால் அதுதான் எச்சரிக்கை மணி, அந்தப் பெண்ணின் படிவத்திலோ ‘குடும்பத்தில் இல்லை’ என்று இருக்கும். உங்கள் அப்பா வீட்டில் யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள், காசு செலவில்லாமல் உங்களால் செய்ய முடிந்த மிக நல்ல பரிசோதனை அது.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எப்போதாவது மார்பில் கட்டி என்று ஊசி குத்தியோ வெட்டியோ பயாப்ஸி (திசுப் பரிசோதனை) எடுத்திருக்கிறார்களா? “எடுத்தாங்க, சாதாரணக் கட்டின்னு சொல்லிட்டாங்க” என்பதோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும், ரிப்போர்ட் எங்கே என்றால் தெரியாது. புற்று இல்லை என்று வந்த ரிப்போர்ட்களிலும் சிலவற்றில் ‘ஏடிபிக்கல் ஹைப்பர்பிளேசியா’ என்று ஒரு வரி இருக்கும். செல்கள் பெருகியிருக்கின்றன, பார்க்கவும் சற்று மாறுபட்டிருக்கின்றன, ஆனால் புற்று இல்லை என்று பொருள். அது இருந்தால் ஆபத்து சுமார் நான்கு மடங்கு. நீங்கள் படிவத்தில் நிரப்பிய எதுவும் இதன் பக்கத்தில்கூட வராது. அந்த வரி உள்ளவர்களுக்குக் கண்காணிப்பு முறையே வேறு, ஆபத்தைக் குறைக்கும் மாத்திரை பற்றிப் பேசவும் இடம் உண்டு. எனவே பழைய பயாப்ஸி இருந்தால் ‘நார்மல்’ என்று யாரோ வாயால் சொன்னதை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். பத்து வருடம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, எடுத்த இடத்துக்குப் போய் நோயியல் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி, அந்த வரி இருக்கிறதா என்று ஒரு மார்பக மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடர்த்தியான மார்பகம் என்பது நோய் இல்லை. 40 வயதைத் தாண்டிய பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். கொழுப்பு குறைவு, சுரப்பித் திசு அதிகம், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், மேமோகிராமில் அந்தத் திசுவும் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத் தெரியும், அதனால் ஒன்று இன்னொன்றை மறைத்துவிடலாம். அடர்த்தியே தனியாகவும் ஆபத்தைக் கூட்டுகிறது, உங்கள் ஐந்தில் கவனிக்க வேண்டியது இது ஒன்றுதான். ஆகவே அடுத்த முறை போகும்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஜப்பானில் 40 முதல் 49 வயது வரையிலான 70,000-க்கும் அதிகமான பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். மேமோகிராம் மட்டும் என்றால் 1000 பேருக்குச் சுமார் 3 புற்று கண்டுபிடிக்கப்பட்டது, ஸ்கேனும் சேர்ந்தபோது 5. கூடவே, ஒன்றுமே இல்லாமல் மறுபரிசோதனைக்கு அலைய நேர்ந்தவர்களும் கூடினார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ரிப்போர்ட்டில் அந்த வரியை அச்சடித்துக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, அது என்ன என்று எதிரில் உட்கார்த்தி ஐந்து நிமிடம் விளக்க மட்டும் நேரமில்லை. அந்த ஐந்து நிமிடத்தைத்தான் கவுண்டர்காரர் பயன்படுத்திக்கொள்கிறார்.

இனி அந்த பேக்கேஜ். கேன்சர் மார்க்கர் என்று விற்பது பெரும்பாலும் சிஏ 15-3 என்ற ரத்தப் பரிசோதனை. ஏற்கெனவே பரவிய மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களின் நிலையைக் கவனிக்க அது உதவும். ஆரம்பக் கட்டப் புற்றில் பலருக்கு அது நார்மலாகவே இருக்கும், கல்லீரல் கோளாறு போன்ற வேறு காரணங்களால் கூடவும் கூடும். நார்மல் என்றால் பொய் நிம்மதி, கூடினால் வீண் அலைச்சல். வெப்பப் படம் எடுத்துப் புற்று இருக்கா என்று சொல்கிறோம், அழுத்தம் இல்லை வலி இல்லை என்று வருபவர்களையும் நம்பாதீர்கள். அது மேமோகிராமுக்கு மாற்று ஆகாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பலமுறை எச்சரித்துவிட்டது.

ஜீன் டெஸ்ட் நல்ல பரிசோதனை, ஆனால் தேவைப்படுபவர்களுக்கு. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணுக் கோளாறால் வருவது 5 முதல் 10 சதவீதம்தான். அப்படிச் சந்தேகம் உள்ள குடும்பத்திலும், முடிந்தவரை நோய் வந்தவருக்குத்தான் முதலில் எடுக்க வேண்டும். எச்சிலை எடுத்து அனுப்பினால் போதும் என்கிறார்களே, அதில் எத்தனை மாற்றங்களைப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். வீட்டிலிருந்தே செய்யும் அப்படியொரு பரிசோதனைக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, பரம்பரை மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ மரபணுக்களில் அறியப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்களில் அது பார்த்தது வெறும் மூன்று, அவையும் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய) யூத வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுபவை. அந்த வம்சாவளியில் வராத ஒரு பெண்ணுக்கு ‘எதுவும் இல்லை’ என்று அதில் வரும் விடையால் என்ன பயன்? மரபணு ஆலோசகரிடம் பேசாமல், கவுண்டரில் நின்றபடி இந்த டெஸ்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பேக்கேஜ் விற்பவர் உங்கள் குடும்ப மரத்தை ஒரு முறைகூடக் கேட்கவில்லை என்றால் அவருக்கு வேண்டியது கமிஷன்தான்.

உங்கள் கையில் இருப்பவை சில உண்டு. மாதவிடாய் நின்றபிறகு எடை கூடாமல் பார்த்துக்கொள்வது, மதுவைத் தவிர்ப்பது, நடை. அந்த வயதில் ஹார்மோன் மாத்திரை வேண்டும் என்றால் எது, எத்தனை வருடம் என்று கேட்டு எடுப்பது. பிரா, டியோடரண்டால் புற்றுநோய் வரும் என்று சுற்றும் செய்திகளை மறந்துவிடுங்கள்.

ஒரு டிக்கும் விழாத உங்கள் தோழிகளும் இதைப் படிக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, இந்த நோய் வருபவர்களில் சுமார் பாதிப் பேருக்குப் பெண் என்பதும் வயதும் தவிர வேறு ஆபத்துக் காரணி இருப்பதில்லை. படிவம் சுத்தமாக இருக்கிறது என்று ஸ்கிரீனிங்கைத் தள்ளிப்போட்டால் அது ஐந்து டிக்கை விட மோசம்.

அப்புறம், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, தோல் உள்ளே இழுத்தாலோ ஸ்கிரீனிங் முகாமுக்குப் போகாதீர்கள். அது அறிகுறி இல்லாதவர்களுக்கான வரிசை. நேராக மார்பக மருத்துவரிடம் போங்கள், அவர் கையால் பார்த்து, அந்த இடத்துக்கென்று மேமோகிராமும் ஸ்கேனும் எடுத்து, தேவைப்பட்டால் ஊசி பயாப்ஸி செய்வார். போன மாதம்தான் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது என்றாலும் போங்கள், ஸ்கிரீனிங் மேமோகிராம் சுமார் எட்டில் ஒரு புற்றைத் தவறவிடுகிறது.