சொன்னது பாதி, நாம் நிரப்புவது மீதி: விளம்பர உத்திகள் பற்றிய கேள்வி பதில்

விளம்பரங்களில் மறைந்திருக்கும் பரப்புரை உத்திகளை இனங்காண்பது எப்படி என்று பலரும் கேட்ட கேள்விகளுக்கு, கல்லூரியில் ஊடகப் பாடம் நடத்திவரும் ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: பரப்புரை என்பது அரசியலுக்கும் போருக்கும் உரிய சொல். சோப்பு விற்பவரையும் அந்தச் சொல்லால் குறிப்பது மிகையாகாதா?

மிகையாகாது. இரண்டும் ஒரே பட்டறையில் வார்த்தவை. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசின் பரப்புரைக் குழுவில் பணியாற்றிய எட்வர்ட் பெர்னேஸ், போர் முடிந்ததும் அந்தப் பயிற்சியை வணிக நிறுவனங்களுக்காகப் பயன்படுத்தினார். 1929ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இளம்பெண்கள் சிலரைச் சிகரெட் புகைத்தபடி நடக்கவைத்து, அந்தச் சிகரெட்டுகளை 'விடுதலைத் தீப்பந்தங்கள்' என்று பேசவைத்தார். இதற்குப் பின்னால் ஒரு புகையிலை நிறுவனத்தின் பணம் இருந்தது செய்தியைப் படித்தவர்களுக்குத் தெரியாது. பெண்ணுரிமைக்கு மக்கள் மனத்தில் இருந்த மதிப்பு சிகரெட்டின் மீது ஏற்றி வைக்கப்பட்டது. 1937இல் அதே நகரில் தொடங்கப்பட்ட பரப்புரைப் பகுப்பாய்வுக் கழகம் பெயரிட்ட ஏழு உத்திகளில் இந்த ஏற்றி வைத்தலும் ஒன்று. பிரபலங்களின் சான்று, 'ஊரே வாங்குகிறது' என்னும் கூட்ட உணர்வு, சாதகமானதை மட்டும் பொறுக்கி அடுக்குவது ஆகியவையும் அவற்றில் அடங்கும்.

கேள்வி: "80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது" என்று எண்ணோடு சொன்னால் நம்பத்தானே வேண்டும்?

இதே வாசகத்தோடு கோல்கேட் பிரிட்டனில் வெளியிட்ட விளம்பரத்தை, அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் 2007இல் தவறாக வழிநடத்துவது என்று தீர்ப்பளித்துத் தடுத்தது. எண் பொய்யன்று என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கருத்துக்கணிப்பில் ஒவ்வொரு மருத்துவரும் ஒன்றுக்கு மேற்பட்ட பற்பசைகளைச் சொல்லலாம் என்று இருந்தது. போட்டி நிறுவனம் ஒன்றின் பெயரும் ஏறக்குறைய அதே அளவுக்கு வந்திருந்தது. விளம்பரத்தைப் பார்த்தவரோ, 80 பேர் இதைச் சொன்னால் மீதி 20 பேர்தான் மற்றவற்றைச் சொல்லியிருப்பார்கள் என்று தாமாகவே கணக்குப் போட்டுக்கொண்டார். அந்தக் கணக்கை விளம்பரம் எங்கும் எழுதவில்லை, நம்மை எழுதவைத்தது. ஆகவே சதவீதம் கண்ணில் பட்டால், யாரிடம் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எத்தனை பதில்களுக்கு இடமளித்தார்கள் என்ற மூன்றையும் தேடுங்கள். மூன்றும் இல்லையென்றால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. உயரமாக வளர்வான் என்று சொல்லும் சத்து மாவுப் பானத்தை வாங்கித் தராவிட்டால் குற்ற உணர்வாக இருக்கிறது.

அம்மா, அந்தக் குற்ற உணர்வை உண்டாக்குவதற்காகவே அந்த விளம்பரம் எடுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டுக் கதவு நிலையில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். இந்த வயதில் ஒரு குழந்தை, வழக்கமான சாப்பாட்டிலேயே ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளரும். பானம் குடித்த ஆண்டிலும் கோடு மேலே ஏறும், குடிக்காத ஆண்டிலும் ஏறும். இயல்பாக நடக்கும் வளர்ச்சியின் பக்கத்தில் டப்பாவை வைத்துப் படம்பிடித்தால் டப்பாதான் வளர்த்ததாகத் தோன்றும். "உயரம்" என்றால் எதைவிட உயரம், யாரைவிட, எத்தனை மாதத்தில் என்று கேளுங்கள். வங்கதேசத்துக்காக எடுக்கப்பட்ட ஹார்லிக்ஸ் விளம்பரம் ஒன்று, நேபாளித் தொலைக்காட்சி ஒன்றின் வழியாகப் பிரிட்டனில் ஒளிபரப்பாகி, குழந்தைகளை உயரமாகவும் வலுவாகவும் கூர்மையாகவும் ஆக்கும் என்ற கூற்றுக்காக 2008இல் அங்கே தடைசெய்யப்பட்டது. ஆதாரம் கேட்கும் இடத்தில் நிற்க முடியாத அதே வகைப் பேச்சு நம் வரவேற்பறைகளில் நாள்தோறும் ஒலித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. முட்டை, பருப்பு, கீரை கொடுக்கும் தாய் எதிலும் குறைந்தவர் இல்லை.

கேள்வி: நடிகர்கள் சொல்வதற்கு அவர்களுக்குப் பொறுப்பு உண்டா?

உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றியவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் அதே தவறு நேர்ந்தால் 50 லட்சம் வரை விதிக்கலாம். கூற்றை உரிய அக்கறையோடு சரிபார்த்ததாக அவர் காட்டினால் விலக்கு உண்டு.

கேள்வி: ஆடித் தள்ளுபடி விளம்பரங்களிலும் இந்த உத்திகள் இருக்கின்றனவா?

அடுத்த முறை ஜவுளிக் கடைப் பதாகையின் அருகே போய் நின்று படியுங்கள். "50%" என்பது ஆள் உயரத்துக்கு இருக்கும். அதன் காலடியில், சதவீதக் குறியின் நிழலில், "வரை" என்று விரல் நீளத்துக்கு இருக்கும். அந்த ஒரு சொல்லால், கடையில் ஒரே ஒரு அலமாரிக்குப் பாதி விலையும் மற்றவற்றுக்குப் பத்து சதவீதமும் தந்தால்கூட வாசகம் உண்மையாகிவிடுகிறது. "499 ரூபாய் முதல்" என்பதில் வரும் 'முதல்', முகப்பூச்சு விளம்பரத்தில் வரும் 'உதவும்', நட்சத்திரக் குறியிட்டுத் திரையின் அடியில் இரண்டு நொடி காட்டப்படும் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" ஆகியவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. 2022இல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள், இத்தகைய பொறுப்புத்துறப்பு வாசகம் கூற்றின் மொழியிலேயே, அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. தமிழில் வாக்குறுதி தந்துவிட்டு ஆங்கிலத்தில் நிபந்தனை போடும் விளம்பரம் அந்த நெறியை மீறுகிறது.

கேள்வி: இணையக் கடையில் "இன்னும் 5 நிமிடம்தான்" என்று ஓடும் கடிகாரம்?

பக்கத்தை மூடிவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள். மீண்டும் ஐந்து நிமிடத்திலிருந்தே ஓடினால் அது போலி அவசரம். வாங்குபவரை ஏமாற்றும் வகையில் இணையப் பக்கங்களை அமைக்கும் உத்திகளில், 2023 நவம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட 13இல் அதுவும் ஒன்று.

கேள்வி: புகாரை எங்கே கொடுப்பது?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரத் துறையினரே 1985இல் அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தரக் குழுவும் பொதுமக்களிடமிருந்து புகார்களைப் பெறுகிறது. விளம்பரம் வெளியான நாள், நேரம், நாளிதழ் அல்லது அலைவரிசையின் பெயர் ஆகியவற்றைக் குறித்துவைத்து, சிற்றெழுத்துகள் தெரியும்படி படம் எடுத்து இணையுங்கள். "ஏமாற்றுகிறார்கள்" என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்த வாசகம் உங்களை எதை நம்பவைத்தது, உண்மை நிலை என்ன என்று இரண்டு வரிகளில் எழுதுவது விசாரிப்பவருக்கு மிகவும் பயன்படும்.