மேல் என்றால் மாவு

அன்புள்ள ஐயா,

வேலை காரணமாக ஓராண்டாகப் போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் இருக்கிறேன். சென்ற ஞாயிறு ஷ்விட்னிட்சாவுக்குப் பக்கத்தில் க்ஷிஷோவா என்ற சிற்றூருக்குப் போயிருந்தேன். ஜெர்மானியர் காலத்தில் அதன் பெயர் க்ரைசாவ். மோல்ட்கே குடும்பத்தின் மாளிகையையும், ஹிட்லரை எதிர்த்தவர்கள் கூடிய வீட்டையும் பார்த்தேன். அதைத் தவிர ஊரில் ஒன்றுமில்லை. இப்போது அங்கே இருப்பவர்கள் எல்லாம் 1945க்குப் பிறகு வந்தவர்கள். ஜெர்மானியரின் வீடுகளைப் பிடுங்கிக்கொண்டவர்கள் என்றே எனக்குப் பட்டது. நியாயப்படி அந்த ஊர் யாருக்குச் சொந்தம்? அதன் வரலாற்றைத் தமிழில் எழுத ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

கே.

அன்புள்ள கே,

ஒரு விடுமுறை நாளில் பேரங்காடிக்குப் போகாமல் க்ஷிஷோவாவுக்குப் பஸ் பிடித்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் திட்டுகிறேன்.

யாருக்குச் சொந்தம் என்பதை முதலில் ஓரமாக வையுங்கள். அந்த ஊர் இருக்கும் சிலேசியா வட்டாரத்தைப் போலந்தின் பியாஸ்ட் வம்சத்துக் கோமகன்கள் ஆண்டார்கள், பிறகு பொஹீமியா, 1526 முதல் ஹாப்ஸ்பர்க்குகள், 1742ல் பிரஷ்யா. எந்த ஆண்டில் கணக்கை மூடுகிறீர்களோ அந்த ஆண்டின் ராஜா ஜெயிப்பார். நீங்கள் வாய்பிளந்து பார்த்த அந்த மாளிகையே பரிசுப்பணத்தில் வந்ததுதான். 1866ல் ஆஸ்திரியாவைத் தோற்கடித்ததற்காக மன்னர் கொடுத்த பணத்தில், அடுத்த ஆண்டு தளபதி மோல்ட்கே அந்தப் பண்ணையை வாங்கினார்.

அவருடைய சகோதரர் வழியில் வந்த ஹெல்முத் ஜேம்ஸ் வேறு வார்ப்பு. வழக்கறிஞர். மாளிகையைக் கட்டி மேய்க்கக் காசில்லாமல் குன்றின் மேலிருந்த சிறிய வீட்டில் குடியிருந்தார். 1942லும் 43லுமாக மூன்று முறை, வாரக்கடைசி விருந்தாளிகள் போல நண்பர்கள் அங்கே வந்து, ஹிட்லருக்குப் பிந்தைய ஜெர்மனி எப்படி இருக்க வேண்டும் என்று பேசினார்கள். 1945 ஜனவரி 23 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் எழுதிய கடிதங்களை மனைவி ஃப்ரேயா தேன்கூட்டுப் பெட்டிகளுக்குள் ஒளித்து வைத்திருந்தார். எந்தப் போலீஸ்காரன் அதற்குள் கையை விடுவான்! (ஷ்விட்னிட்சாவை அடுத்த ரைஹன்பாக் நகரத்துக்குப் போருக்குப் பின் ஜெர்ஷோனியூஃப் என்று பெயர் மாற்றினார்கள். ஜெர்ஷோன் தேனீக்களை ஆராய்ந்த பாதிரியார். தேனீக்களை விட்டு நகர முடியாத வட்டாரம் போல.)

இதெல்லாம் அங்கே பலகையிலேயே எழுதியிருக்கும். 1989 நவம்பர் 12, பெர்லின் சுவர் திறந்த மூன்றாம் நாள், மேற்கு ஜெர்மன் அதிபர் ஹெல்முத் கோலும் போலந்துப் பிரதமர் மஸோவியெட்ஸ்கியும் க்ஷிஷோவாவில் கட்டித்தழுவிய படமும் இருக்கும். சரி, பார்த்தாயிற்று. விடுங்கள்.

'பிடுங்கிக்கொண்டவர்கள்' என்று எழுதினீர்களே, அதைத்தான் விட மனமில்லை.

அவர்களில் பெரும்பகுதியினர் தாங்களே வீடு இழந்தவர்கள். போலந்தின் கிழக்குப் பகுதியை சோவியத் யூனியன் எடுத்துக்கொண்டது, பதிலுக்கு இந்த ஜெர்மானியப் பகுதி போலந்துக்கு வந்தது. லுவூஃப் (இன்று உக்ரைனின் லிவிவ்) பக்கத்துக் கிராமத்துக்காரர்களை மாட்டோடும் மூட்டையோடும் சரக்கு ரயிலில் ஏற்றி, ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, இதுதான் இனி உன் ஊர் என்றார்கள். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள் ஜெர்மானிய ஆக்கிரமிப்பு போலந்தில் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். அதை ஒரு வரிகூடச் சொல்லாமல் ஜெர்மானியருக்காக மட்டும் கண்ணீர் விடுவது அழகல்ல. விரட்டப்பட்ட ஜெர்மானியக் குழந்தைகள் பட்ட பாடு பொய் என்றும் நான் சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பக்கத்தில், உங்கள் ஊரிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு கிராமத்து வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். வீட்டுக்காரப் பாட்டிக்கு எண்பதுக்கு மேல். அடுப்பங்கரைப் பலகையில் வெள்ளைப் பீங்கான் ஜாடிகள் வரிசையாக இருந்தன, நீல எழுத்துகளோடு. ஸால்ஸ், சுக்கர், மேல். உப்பு, சர்க்கரை, மாவு. போலந்துக்காரி வீட்டில் ஜெர்மன் எழுத்து எதற்கு என்று பேரனை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன்.

பாட்டி ஒரே சொல்லில் பதில் சொன்னாள். 'பொநியெமியெட்ஸ்கியெ.' ஜெர்மானியருக்குப் பின் மிஞ்சியது. அந்தப் பக்கத்தில் அலமாரி, கட்டில், ஆப்பிள் மரம், கிணறு, தேவாலய மணி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். திருடியது என்று பொருள் வராது. என்னுடையது என்றும் வராது. ஒரு பொருளை எழுபது வருடம் புழங்கிய பிறகும் அதன் பழைய கைக்கு இடம் வைத்திருக்கும் சொல். நம் மொழியில் இதற்கு ஈடாக ஒன்று தேடிக்கொண்டே இருக்கிறேன். 'விட்டுப்போனது' என்று சொல்லிப் பார்த்தேன், பாதிதான் வருகிறது. அவர்கள் விட்டுப்போகவில்லையே.

பாட்டி ஐந்து வயதில் அங்கே வந்தவள். வந்த நாளில் பழைய ஜெர்மானிய வீட்டுக்காரி அங்கேயே இருந்தாளாம். ஜெர்மானியரை ஏற்றிப்போகும் ரயில் வரும்வரை சில மாதங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. காலையில் அவள், அப்புறம் பாட்டியின் அம்மா. இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. ஒருநாள் அம்மா எதையோ தேடியபோது அவள் ஜாடியைத் திறந்து, விரலால் தொட்டுக் காட்டி, 'மேல்' என்றாளாம். அம்மா கற்ற முதல் ஜெர்மன் சொல். கடைசியும் அதுதான்.

அவள் போன பிறகு பாட்டியின் அப்பா வருடக்கணக்கில் கூரையைச் சரிசெய்யவில்லை. நாளைக்கே வந்துவிட்டால்? பெட்டியைப் பாதிதான் பிரித்து வைத்திருந்தார்கள். 1970ல் மேற்கு ஜெர்மன் அதிபர் பிராண்ட் வார்சாவுக்கு வந்து எல்லைக்கோட்டை ஏற்றுக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கூரை ஓடுகளை மாற்றினார் என்றாள். இருபத்தைந்து வருடம் மழை ஒழுகிய வீடு, கே. பிடுங்கிக்கொண்டவன் முதல் வேலையாகக் கூரையை அல்லவா மாற்றுவான்?

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள், மறந்தே போனேன். மாளிகை வாசலில் தொடங்காதீர்கள். போருக்குப் பின் அங்கே நடந்த அரசுப் பண்ணையில் உழைத்த யாராவது வயதானவர் இன்னும் இருப்பார். போலிஷில் நாலு வார்த்தை படித்துக்கொள்ளுங்கள். ஓராண்டாகியும் படிக்கவில்லை என்றால் வெட்கம். போகும்போது கேக் வாங்கிப்போங்கள், செல்பேசியைப் பையிலேயே வையுங்கள். இந்த வீடு யாருடையது என்று கேட்காதீர்கள். ஜாடியில் இப்போது என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

நான் தங்கிய வீட்டுப் பாட்டியின் 'ஸால்ஸ்' ஜாடியில் பட்டன்கள் இருந்தன. மேல் ஜாடியில் மட்டும் மாவு.

அன்புடன்.