கொத்துக்கறி ஸ்டூ: கறி திரளாமல், காய் குழையாமல்

கேள்வி: சவுதியிலிருந்து லீவில் வந்திருக்கும் மகன், அங்கே மெஸ்ஸில் மாட்டுக் கொத்துக்கறியும் காய்கறியும் போட்டுக் கெட்டியாக ஸ்டூ வைப்பார்கள், அது வேண்டும் என்கிறான். முதல் தடவை சட்டியில் வைத்தேன். கறி உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது. தக்காளியோடு முக்கால் மணி நேரம் கொதித்தும் உருளைக்கிழங்கு சரியாக வேகவில்லை. அடுத்த தடவை எல்லாவற்றையும் குக்கரில் போட்டு ஐந்து விசில் விட்டேன். காய் கரைந்து கூழாகிவிட்டது. இரண்டு தடவையும் கவிச்சி போகவில்லை, கறி பல்லில் நறநறத்தது, ஆறினால் கொழுப்பு உதட்டில் ஒட்டுகிறது. எங்கே பிசகுகிறது?
- ஒரு வாசகி, மேலப்பாளையம்

பதில்: கறியை நீங்கள் வறுக்கவில்லை, அவித்திருக்கிறீர்கள். கொத்துக்கறி தன்னிடம் உள்ள தண்ணீரை விட்டு, அது வற்றி, பிறகு நிறம் மாற வேண்டும். அதற்குள் மேலே தண்ணீரும் தக்காளியும் விழுந்தால் கறி திரளும், கவிச்சி தங்கும், ருசியும் ஏறாது. ஸ்டூவில் பாதி வேலை இந்த வறுவல்தான். காய் வேகாமல் போனதற்கும் கரைந்து போனதற்கும் காரணம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் கடை. உங்கள் ஊரில் மாட்டுக்கறிக்குப் பஞ்சமில்லை. ஆனால் முன்கூட்டியே அரைத்துக் குவித்து வைத்த கைமாவை வாங்க வேண்டாம். தொடைக்கறியோ சப்பைக்கறியோ அரைக் கிலோ துண்டாக நிறுக்கச் சொல்லுங்கள். வெள்ளைச் சவ்வையும் நரம்பையும் சீவி எடுத்துவிட்டு, உங்கள் கண் முன்னாலேயே கொத்தச் சொல்லுங்கள். பல்லில் நறநறத்தது கறியல்ல, இந்தச் சவ்வு. வயதான மாட்டின் கறி என்றால் இது கூடுதலாகவே இருக்கும், எவ்வளவு பொடியாகக் கொத்தினாலும் அரை மணி நேரமாவது வெந்தால்தான் இளகும். சுத்தமாகக் கொழுப்பே இல்லாத கறியும் வேண்டாம், ஸ்டூ வறண்டு போகும். அரைக் கிலோவுக்கு 50 கிராம் கொழுப்பு சேர்ந்து கொத்தினால் போதும்.

கொத்திய கறியைக் கழுவுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. கழுவக் கழுவ கறியின் சாறு தண்ணீரோடு போய்விடும், பதிலுக்கு ஊற்றிய தண்ணீர் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். துண்டாக இருக்கும்போதே கழுவி, துணியால் ஒற்றி, அதன்பிறகு கொத்த வேண்டும். கடையில் அதற்கு வசதியில்லையென்றால் துண்டாகவே வாங்கி வாருங்கள். கழுவித் துடைத்து, ஓர் அங்குலத் துண்டுகளாக்கி, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, மிக்ஸியில் ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி போட்டு, விட்டு விட்டு நாலைந்து சுற்று சுற்றினால் நல்ல கொத்துக்கறி கிடைக்கும். குளிரவைக்காமல் சுற்றினால் பசையாகிவிடும். கொத்தியதையே வாங்கிவிட்டு, கழுவாமல் சமைக்க மனசு ஒப்பவில்லை என்றால், சல்லடையில் ஒரே தடவை அலசி, மெல்லிய துணியில் கட்டி, சொட்டு விடாமல் பிழிந்தெடுங்கள்.

இனி வறுவல். குக்கர் வேண்டாம், அகலமான இரும்புச் சீனச்சட்டி எடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். அரைக் கிலோவையும் ஒன்றாகக் கொட்டக் கூடாது, சட்டியின் சூடு இறங்கி உடனே தண்ணீர் விடத் தொடங்கும். பாதிக் கறியை அரை அங்குலக் கனத்துக்குப் பரப்பி, தீயைக் கூட்டிவைத்து, மூன்று நிமிடம் தொடாமல் விடுங்கள். கிண்டத்தான் கை வரும், கிண்டாதீர்கள். முதலில் சளசளவென்று சத்தம் வரும், அது தண்ணீர். தண்ணீர் கிடக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, கறி சாம்பல் நிறத்திலேயே கிடக்கும். வற்றியதும் சத்தம் சடசடவென்று மாறும். அப்போதுதான் 140 டிகிரிக்கு மேல் ஏறி, கறி சிவந்து வறுவல் மணம் எழும். இந்த இடத்தில் கவிச்சி போய்விடும். அடிப்பக்கம் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்ததும் சட்டுவத்தால் புரட்டி, குத்திக் குத்தி உதிருங்கள். உதிர்ந்ததை எடுத்து வைத்துவிட்டு மீதியையும் இப்படியே வறுங்கள். இதற்கு முன்னால் உப்புப் போடாதீர்கள். பச்சைக் கொத்துக்கறியில் உப்புச் சேர்ந்தால் கறி பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டும். கோலா உருண்டைக்கு அந்த ஒட்டு வேண்டும், ஸ்டூவுக்கு ஆகாது.

வறுத்து முடித்ததும் சட்டியில் நெய் மாதிரி மிதக்கும் கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வடித்துவிடுங்கள். உதட்டில் ஒட்டியது இதுதான். மாட்டுக் கொழுப்பு கோழிக் கொழுப்பைவிடச் சீக்கிரம் உறையும், ஸ்டூ வெதுவெதுப்பாகும்போதே கட்டத் தொடங்கிவிடும். வடித்தால் பாதி தீரும், மீதிக்குச் சுடச்சுடப் பரிமாறுவதுதான் வழி.

அதே சட்டியில் பட்டை ஒரு துண்டு, கிராம்பு 4, ஏலக்காய் 2 போட்டு, பொடியாக நறுக்கிய பல்லாரி (பெரிய வெங்காயம்) 2 சேருங்கள். பல்லாரி விடும் ஈரத்திலேயே அடியில் பிடித்திருக்கும் பழுப்பைச் சுரண்டிக் கலந்துவிடுங்கள், குழம்பின் நிறமும் ருசியும் அதில்தான் இருக்கிறது. பழுப்பு கறுத்துத் தீய்ந்திருந்தால் மட்டும் சட்டியை மாற்றிவிடுங்கள், அந்தக் கசப்பை எதுவும் மறைக்காது. பல்லாரி பொன்னிறமானதும் 15 கிராம் இஞ்சியும் 10 பல் வெள்ளைப்பூடும் அரைத்த விழுது, மஞ்சள்பொடி அரைத் தேக்கரண்டி, மல்லிப்பொடி ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்ப்பொடி ஒரு தேக்கரண்டி. மசாலா அவ்வளவு போதும். கூடினால் அது கறி ஆணம் (கறிக்குழம்பு) ஆகிவிடும், மகன் கேட்கும் ஸ்டூ ஆகாது. காரத்தை மிளகிலிருந்து எடுங்கள். இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, கடைசியில்.

வறுத்த கறியைத் திருப்பிப் போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி சேர்த்து, மூடி, சிறு தீயில் 35 நிமிடம் வேகவிடுங்கள். அவசரமென்றால் குக்கரில் நாலு விசில் விடலாம், குக்கருக்குத் தண்ணீர் முக்கால் லிட்டர் போதும். குக்கரின் வேலை அத்தோடு சரி, காய் அதற்குள் போகவே கூடாது. ஒரு சிட்டிகை எடுத்து மென்று பாருங்கள். கறி இளகாமல் காயைப் போட்டால், கறி வேகும் நேரத்துக்குக் காய் காத்திருக்காது.

காயை வேகும் நேரத்தைப் பார்த்து வரிசையாகப் போட வேண்டும். உருளைக்கிழங்கு 300 கிராம், கேரட் 200 கிராம், இரண்டும் ஓர் அங்குலத் துண்டுகளாக முதலில். 10 நிமிடம் கழித்து பீன்ஸ் 100 கிராம், முட்டைக்கோஸ் 150 கிராம், உரித்த பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி. மேலும் எட்டு நிமிடத்தில் கத்தி முனை உருளைக்கிழங்கில் தடையில்லாமல் இறங்கும். மார்கழி, தை மாதமென்றால் உருளைக்கிழங்குக்குப் பதில் சிறுகிழங்கு போட்டுப் பாருங்கள். சாக்கில் போட்டு உருட்டித் தேய்த்துத் தோல் நீக்கி, முழுசாகவே போடலாம். கறிச்சாற்றை உறிஞ்சிக்கொண்டு உருக்குலையாமல் நிற்பதில் உருளைக்கிழங்கு அதன் பக்கத்தில்கூட வராது. நம் நெல்லைச் சீமையின் கிழங்கு, இந்த ஸ்டூவுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. வெண்டைக்காய், கத்தரிக்காய் வேண்டாம். ஒன்று வழுவழுக்கும், மற்றது கரைந்து குழம்பைக் கறுக்கும்.

தக்காளி கடைசியில்தான். முதல் தடவை உருளைக்கிழங்கு அசையாமல் கிடந்ததற்குக் காரணம் அதன் புளிப்பு. புளிப்பில் காயின் சதை லேசில் இளகாது, எத்தனை நேரம் கொதித்தாலும் நடுவில் ஒரு கடினம் நிற்கும். 250 கிராம் தக்காளியைத் தனியாக ஒரு கரண்டி எண்ணெயில் தொக்காக வதக்கி வைத்துக்கொண்டு, காய் வெந்த பிறகு சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

கெட்டியாக வர மாவு எதுவும் வேண்டியதில்லை. வெந்த உருளைக்கிழங்கில் ஐந்தாறு துண்டை அகப்பையின் முதுகால் சட்டியோரத்தில் நசுக்கிக் கலந்தாலே போதும். சிறுகிழங்கு போட்டால் குழம்பு கெட்டியாகாது, அதற்கு மட்டும் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, இரண்டு கொதி விடுங்கள்.

தேங்காய்ப்பால் ஊற்றி வெள்ளை ஸ்டூவாக வைப்பவர்களும் உண்டு. அப்படியானால் தக்காளி, மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி மூன்றையும் விட்டுவிட்டு, பச்சைமிளகாய் ஐந்தைக் கீறிப் போடுங்கள். சொதிக்குச் செய்வது போலவே காயை மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவைத்து, 200 மில்லி முதல் பாலை அடுப்பை அணைக்கும்போது ஊற்ற வேண்டும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகு. முதல் பாலைக் கொதிக்கவிட்டாலும் புளிப்போடு அடுப்பில் வைத்தாலும் திரிந்துவிடும். தக்காளியும் தேங்காய்ப்பாலும் ஒரே சட்டியில் வேண்டாம் என்பது இதனால்தான்.

இந்த அளவு ஆறு பேருக்கு வரும். சிவப்பு ஸ்டூவுக்குப் பரோட்டாவோ ரொட்டியோ, வெள்ளைக்கு இடியாப்பமோ ஆப்பமோ வைத்துக்கொள்ளுங்கள். உப்பைக் கடைசியில் மறுபடி பாருங்கள், காய் கொஞ்சம் இழுத்திருக்கும்.

கொத்துக்கறி முழுக் கறி மாதிரித் தாங்காது. வெளிப்பக்கம் இருந்த கிருமி கொத்தும்போது உள்ளெல்லாம் கலந்துவிடுகிறது. அதனால் நடுவில் சிவப்பு தெரியாமல், 71 டிகிரியாவது எட்டும்படி வேக வேண்டும். 35 நிமிடக் கொதியில் அது தானாக நடந்துவிடும், கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது சமைப்பதற்கு முன்னும் பின்னும்தான். பச்சைக் கொத்துக்கறியை ஃப்ரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். நம்மூர் வெயிலுக்கு, சமைத்த ஸ்டூவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். பெரிய சட்டியோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதி குளிரவே நேரமாகும், அகலமான பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மூன்று நாள் வரை தாங்கும், எடுத்ததைத் தளதளவென்று கொதிக்கவைத்தே பரிமாறுங்கள். மகன் லீவு முடிவதற்குள் இன்னும் சில தடவை கேட்பான் என்றால், இரண்டு மடங்கு கறியை வறுத்து, காய் போடும் கட்டத்துக்கு முன் பாதியை எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிடலாம். உருளைக்கிழங்கு போட்டதை மட்டும் உறைய வைக்க வேண்டாம், உருகும்போது தண்ணீர் விட்டு மணல் மணலாகிவிடும்.