போட்ட அப்டேட்டைத் திரும்ப எடுப்பது

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகத்தில் உபுண்டு, ராக்கி லினக்ஸ், விண்டோஸ் சர்வர் மூன்றும் ஓடுகின்றன. நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வாரம் முன்பு உபுண்டுவில் அப்டேட் போட்டதும் பில்லிங் நின்றுவிட்டது. பில்களைச் சேமிக்கும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் 8.0-இன் முந்தைய பேக்கேஜைத் தேடிப் போட்டேன், கிளம்பவே இல்லை. பேக்கப்பிலிருந்து மீட்டோம், அரை நாள் பில்கள் போய்விட்டன. இனி அப்டேட்டே வேண்டாம் என்கிறார் முதலாளி. போட்டதைச் சுத்தமாகத் திரும்ப எடுக்க வழியே இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

புரோகிராமைத் திரும்ப எடுக்கலாம். அது தொட்டுவிட்ட டேட்டாவை எடுக்க முடியாது. உங்களுக்கு நடந்தது இதுதான். மைஎஸ்க்யூஎல் 8.0.16 முதல், புதிய பதிப்பு முதன்முறை கிளம்பும்போதே தன் உள்விவரங்களை வைக்கும் சிஸ்டம் டேபிள்களைத் தனக்கேற்ப மாற்றிவிடுகிறது. பிறகு பழையதை வைத்தால், இந்த டேட்டா டைரக்டரி பிந்தைய பதிப்பு உருவாக்கியது என்று எரர் லாகில் எழுதிவிட்டு நின்றுவிடும். 8.0-க்குள்ளேயே கீழே இறங்குவதற்கு ஆதரவு இல்லை. அப்டேட்டுக்கு முன் எடுத்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்யச் சொல்கிறது அதன் கையேடு. நீங்கள் செய்தது சரி. பேக்கப் அரை நாள் பழையதாக இருந்ததுதான் சிக்கல்.

மற்ற பேக்கேஜ்களுக்கு வருவோம். உபுண்டுவில் எது, எப்போது, எந்தப் பதிப்பிலிருந்து மாறியது என்பதெல்லாம் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட்டின் ஹிஸ்டரி லாகில் இருக்கும். பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டுப் பழையதை நிறுவலாம். ஆனால் இடைப்பட்ட பதிப்புகள் ரெபாசிட்டரியில் (பேக்கேஜ்களை இறக்கும் களஞ்சியத்தில்) தங்குவதில்லை. இன்னொன்று: ஆப்ட் கட்டளை, இறக்கிய டெப் ஃபைல்களை (பேக்கேஜ் ஃபைல்களை) நிறுவியதும் அழித்துவிடும், அதே வேலையைச் செய்யும் ஆப்ட்-கெட் வைத்திருக்கும், பழையதைத் திரும்ப நிறுவ அது உதவும். சர்வரில் நான் ஆப்ட்-கெட் பக்கம் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

ராக்கியில் வேலை சுலபம். அதன் பேக்கேஜ் கருவியான டிஎன்எஃப்பின் ஹிஸ்டரியில் அந்த அப்டேட்டின் எண்ணைப் பார்த்து அன்டூ கொடுத்தால், பழைய ஆர்பிஎம் (பேக்கேஜ் ஃபைல்) ரெபாசிட்டரியில் இருக்கும்வரை மொத்த அப்டேட்டும் பின்வாங்கும். ஏறக்குறைய எல்லா புரோகிராம்களும் நம்பியிருக்கும் ஜிலிப்சி மாதிரி அடிப்படைப் பேக்கேஜ்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்கு அன்டூவே தேவையில்லை: வழக்கமான அமைப்பில் மூன்று கெர்னல்கள் வரை இருக்கும், பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

விண்டோஸ் சர்வரில் மாதாந்திர அப்டேட்டை நீக்கும் வசதி அவசியம் தெரிந்திருக்க வேண்டும். 2022 ஜனவரி 11-இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு பல இடங்களில் லாகின்களைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் தாமாகவே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. திருத்தம் 17-ஆம் தேதிதான் வந்தது. நடுவில் அந்த அப்டேட்டை நீக்கித்தான் பலர் சமாளித்தார்கள். இப்போது அப்டேட்களை நிறுவும் பகுதியான சர்வீசிங் ஸ்டேக்கும் சேர்ந்து ஒரே பேக்கேஜாக வருவதால் வூசா என்ற கட்டளையின் அன்இன்ஸ்டால் அதில் வேலை செய்யாது. டிஸ்ம் என்ற கருவியில் பேக்கேஜ் பட்டியலை எடுத்து, அதிலுள்ள முழுப் பெயரைக் கொடுத்து நீக்க வேண்டும். சர்வீசிங் ஸ்டேக் அப்படியே தங்கிவிடும். இடத்தை மிச்சப்படுத்த டிஸ்ம் கிளீனப்பை, பழைய பதிப்புகளை அழிக்கும் ரீசெட்பேஸ் சேர்த்து ஓட்டியிருந்தால், அதற்கு முன் போட்டவற்றையும் நீக்க முடியாது.

முதலாளி சொல்வதை ஏற்காதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் இல்லாத சர்வரில் போகக்கூடியது அரை நாள் பில் மட்டுமல்ல. மைஎஸ்க்யூஎல்லை மட்டும் ஆப்ட்-மார்க் ஹோல்டில் (அப்டேட் ஆகாமல் நிறுத்தி) வையுங்கள், மற்றவை வழக்கம்போல் வரட்டும். மாதம் ஒரு இரவு பில்லிங்கை நிறுத்தி, டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்து, அதை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்த்த பிறகு ஹோல்டை எடுத்து அப்டேட் போடுங்கள்.

பழைய டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டீர்களா? இல்லையென்றால் அந்த பில்கள் இன்னும் கிடைக்கலாம். 8.0-இல் டேட்டா மாற்றங்களைப் பதியும் பைனரி லாக் தானாகவே ஆனாக இருக்கும். பின்லாக் என்ற பெயரோடு எண்கள் சேர்ந்த ஃபைல்களைத் தேடி, முதலில் வேறு இடத்தில் காப்பி எடுங்கள். தனி மெஷினில் அதே பேக்கப்பை ஏற்றி, பேக்கப் எடுத்த நேரத்துக்குப் பிந்தைய பகுதியை மைஎஸ்க்யூஎல்பின்லாக் கருவியால் ஓட்டிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் நேராகச் செய்ய வேண்டாம். இந்த இரண்டு வாரத்து பில் எண்களோடு மோதும்.