முன்சீப்பிலிருந்து உயர் நீதிமன்றம் வரை: டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஒரத்தநாடு: சட்டப்படிப்பு கடைசி வருடம். முடித்த கையோடு சிவில் நீதிபதி தேர்வு எழுதலாமா, அய்யா?

முடியாது. மூன்று வருட வழக்கறிஞர் அனுபவத்தை 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி கட்டாயமாக்கிவிட்டது. பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவான நாளிலிருந்தே கணக்கு. எனவே பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பத்து வருட அனுபவமுள்ள வழக்கறிஞர் தரும் சான்றில் அந்த மாவட்டத்தின் அல்லது அந்த ஊர் நீதிமன்றத்தின் முதன்மை நீதிபதியும் மேலொப்பமிட வேண்டும். சீனியரிடம் பேருக்குச் சேர்ந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து படிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

கும்பகோணம்: முதன்மைத் தேர்வில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

மொழிபெயர்ப்புத் தாளுக்கு. சட்டத் தாள் மூன்று, இது ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். சாட்சியம், பத்திரம், தீர்ப்பு எல்லாவற்றையும் இரண்டு மொழிக்கும் மாற்றத் தெரிய வேண்டும். ‘தமிழ்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருக்கும் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: “வாய்க்காலுக்குத் தெற்கு, கோயில் நிலத்துக்கு மேற்கு, இதற்குட்பட்ட நஞ்சை 3 மா.” அவசரத்தில் ‘தெற்கு எல்லை வாய்க்கால்’ என்று எழுதத் தோன்றும். தப்பு. நிலம்தான் வாய்க்காலுக்குத் தெற்கே கிடக்கிறது. வாய்க்கால் அதற்கு வடக்கு எல்லை. எல்லை புரண்டால் சொத்தே வேறாகிவிடும்.

அளவும் அப்படித்தான். தஞ்சைப் பக்கம் 100 குழி ஒரு மா, சுமார் 33 சென்ட். 20 மா ஒரு வேலி. நீங்களாக ஏக்கராக்காமல் மூலத்தில் உள்ளபடியே எழுதுங்கள். ஒத்தியைக் குத்தகை என்று மாற்றுவது இன்னும் மோசம்: ஒத்தி அடமானம், குத்தகைக்குச் சட்டமே வேறு. தினம் ஒரு பத்திரம், ஒரு சாட்சியம், கடிகாரத்தை வைத்துக் கையால் எழுதிப் பழகுங்கள்.

திருவாரூர்: அந்த மூன்று வருடம் எந்த வழக்குகளைப் பார்ப்பது?

பாகப்பிரிவினை, உறுத்துக்கட்டளை (ஒன்றைச் செய்யவோ செய்யாதிருக்கவோ கோர்ட் இடும் உத்தரவு), கடன் பத்திர வழக்கு. குறுக்கு விசாரணை நடக்கும் நாளில் கோர்ட்டை விட்டு நகராதீர்கள். சாகுபடிக் குத்தகைதாரர் தகராறு பெரும்பாலும் வருவாய் நீதிமன்றத்துக்குப் போகும். நம் மாவட்டங்களில் அது நிறைய, அங்கும் போய் உட்காருங்கள்.

பட்டுக்கோட்டை: கீழிருந்து வருபவர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆக முடியுமா?

முடியும். சிவில் நீதிபதி, முதுநிலை சிவில் நீதிபதி, மாவட்ட நீதிபதி, பிறகு கொலீஜியம், அதாவது மூத்த நீதிபதிகள் குழு, தரும் பரிந்துரை. எதிரி வயதுதான். உயர் நீதிமன்றத்தில் ஓய்வு 62. ஐம்பத்தெட்டில் மேலே போனால் கிடைப்பது நான்கே வருடம். குறுக்கு வழி அல்ல, நேர் வழியே ஒன்று உண்டு: மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வு. முன்பு இது வழக்கறிஞருக்கு மட்டும் என்றிருந்தது. வழக்கறிஞராகவும் நீதித்துறைப் பணியிலும் சேர்த்து ஏழு வருடம் ஆனவர்களும் எழுதலாம் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. வயது 35 ஆகியிருக்க வேண்டும். பணியிலிருப்பவர்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

தரங்கம்பாடி: முத்துசாமி அய்யர் இங்கே முன்சீப்பாக இருந்தாரா?

இருந்தார். 1832-ல் தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, சிறு வயதில் மாதம் ஒரு ரூபாய்க்குக் கிராமக் கணக்கருக்கு உதவியாக எழுதியவர். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி அவர்தான். சிலை இன்றும் அந்த வளாகத்தில் இருக்கிறது.

மயிலாடுதுறை: எங்கள் மேல்முறையீடு மதுரைக்கா, சென்னைக்கா?

சென்னைக்கு. நாகை, திருவாரூருக்கும் அதுவே. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை மதுரைக் கிளைக்குப் போகும்.